சிவப்புச் சுவரொட்டியில் இல்லாத முகம்: ஓல்கா பான்சிக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 பிப்ரவரி 21 அன்று மாலை, மழையில் நனைந்தபடி இரண்டு சவப்பெட்டிகள் பாரிஸின் பாந்தியன் நினைவிடத்துக்குள் போயின. ஒன்று மிசாக் மனூஷியனுடையது, இன்னொன்று அவர் மனைவி மெலினேயுடையது. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் பாரிஸில் சண்டையிட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் குழு ஒன்றின் தலைவர் மனூஷியன். அவருடைய தோழர்களின் பெயர்களும் அன்று உள்ளே ஒரு பலகையில் இடம்பெற்றன. அந்தக் குழுவோடு மரணதண்டனை பெற்ற ஒரே பெண்ணின் பெயர் ஓல்கா பான்சிக். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஓல்கா பான்சிக் யார்?

1912 மே 10 அன்று கிஷினாவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் கோல்டா. இன்று மால்டோவாவின் தலைநகராக இருக்கும் அந்த ஊர் அப்போது ரஷ்யப் பேரரசின் பெசராபியா மாகாணத்தில் இருந்தது. அவர் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1903இல், அதே ஊரில் யூதர்கள்மீது நடந்த படுகொலையில் 49 பேர் இறந்தார்கள். அந்த நினைவு ஆறாத தெருக்களில் வளர்ந்த பிள்ளை.

1918இல் பெசராபியா ருமேனியாவோடு சேர்ந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததற்காகக் கைதாகி அடியும் வாங்கினார். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் போலீஸ் அடி. அதற்குப் பிறகு அவர் தொழிற்சங்கத்தை விட்டு விலகவே இல்லை.

அவரை நாடுகடத்தினார்களா, தானே வெளியேறினாரா?

எந்த நீதிமன்றமும் அவரை "நாட்டைவிட்டுப் போ" என்று தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் 1938இல் ருமேனியாவில் அவருக்கு என்ன மிச்சமிருந்தது என்று பார்க்க வேண்டும்.

கம்யூனிஸ்ட் கட்சி அங்கே 1924 முதலே தடைசெய்யப்பட்டிருந்தது. உறுப்பினராக இருப்பதே குற்றம். சிகுரான்சா என்ற ரகசிய போலீஸ் பின்னாலேயே திரிந்தது. ஓல்கா பலமுறை கைதானவர், சிறையையும் பார்த்தவர். 1938 ஜனவரியில் யூதர்களின் குடியுரிமையை மறுபரிசீலனை செய்யும் ஆணை வந்தது. அதன் விளைவாக 2 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் குடியுரிமையை இழந்தார்கள். அடுத்த மாதமே மன்னர் இரண்டாம் கரோல் நாடாளுமன்ற ஆட்சியை முடித்துவிட்டு அதிகாரம் முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். பிழைக்க வழி இல்லை, அரசியல் செய்ய வழி இல்லை, குடிமகள் என்று சொல்லிக்கொள்ளவும் உத்தரவாதம் இல்லை. அந்த ஆண்டுதான் ஓல்கா பிரான்ஸுக்குப் போனார். கதவைச் சாத்திவிட்டு, "நீயாகத்தானே வெளியே போனாய்" என்று கேட்பதில் நியாயம் இல்லை. அதனால் அவரை நாடிழந்தவர் என்றே நான் சொல்வேன்.

பிரான்ஸில் நிம்மதியாக இருந்திருக்கலாமே?

இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். பாரிஸ் என்றதும் நமக்குத் தோன்றும் படம் வேறு. அன்றைய பாரிஸில் வெளிநாட்டவராக இருப்பது என்பது அடையாள அட்டைக்கு வரிசையில் நிற்பது, வேலை அனுமதிக்கு அலைவது, எந்த நாளும் திருப்பி அனுப்பப்படலாம் என்ற பயத்தோடு படுப்பது.

ஓல்கா வந்தது சும்மா இருக்கவும் அல்ல. ஸ்பெயினில் பிராங்கோவின் படைக்கு எதிராகக் குடியரசு போராடிக்கொண்டிருந்தது. அந்தக் குடியரசுக்கு ஆயுதங்கள் போய்ச்சேர உதவிய இடதுசாரிகளோடு அவரும் வேலை செய்தார். 1939இல் குடியரசு தோற்றது. சுமார் 5 லட்சம் பேர் பைரனீஸ் மலையைத் தாண்டிப் பிரான்ஸுக்குள் வந்தார்கள். அர்ழெலெஸ் கடற்கரை மணலில் முள்கம்பிக்குள் அவர்களை அடைத்தது பிரெஞ்சு அரசு. அடைக்கலம் தேடிவந்தவர்களை அந்த நாடு எப்படி வரவேற்றது என்பதை ஓல்கா நேரிலேயே அறிந்திருப்பார்.

அதே ஆண்டு அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஸ்பானியக் குடியரசின் குரலாக இருந்த தொலோரெஸ் இபார்ருரியின் பெயரையே மகளுக்கு வைத்தார். குழந்தையின் தந்தை அலெக்ஸாண்ட்ரு ஜார், அவரும் ருமேனியாவிலிருந்து வந்த கம்யூனிஸ்ட், எழுத்தாளர்.

எதிர்ப்பு இயக்கத்தில் எப்போது, எப்படிச் சேர்ந்தார்?

1940 ஜூன் 14 அன்று ஜெர்மன் ராணுவம் பாரிஸுக்குள் நுழைந்தது. அக்டோபர் தொடக்கத்தில், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசு இரண்டு சட்டங்களைப் போட்டது. ஒன்று யூதர்களை அரசுப் பணி, பத்திரிகை போன்றவற்றிலிருந்து விலக்கியது. மற்றது வெளிநாட்டு யூதர்களை முகாம்களில் அடைக்க மாவட்ட அதிகாரிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. 1941 மே மாதத்தில், "விவரம் சரிபார்க்க வாருங்கள்" என்று பச்சை நிறச் சீட்டு அனுப்பி, நம்பி வந்த சுமார் 3,700 வெளிநாட்டு யூத ஆண்களைப் பிடித்துக்கொண்டார்கள். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸ் போலீஸ் 13,152 பேரைப் பிடித்தது. பிடித்தவர்களில் குழந்தைகள் நாலாயிரத்துக்கும் மேல். பிடித்தது பிரெஞ்சு போலீஸ்; ஜெர்மானியர்கள் அல்ல.

பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று ஒரு தனி அமைப்பு 1920கள் முதலே இருந்தது. போலந்து, இத்தாலி, ஹங்கேரி, ருமேனியா, ஆர்மீனியா என்று மொழிவாரியாகக் குழுக்கள். 1942இல் அதிலிருந்து ஓர் ஆயுதப் பிரிவு உருவானது. சுருக்கமாக எஃப்.டி.பி.-எம்.ஓ.ஐ. என்பார்கள். தமிழில் வெளிநாட்டுத் தொழிலாளர் கெரில்லாப் படை என்று சொல்லலாம். ஓல்கா அதில் சேர்ந்தார். தலைமறைவுப் பெயர் பியரெத்.

கம்யூனிஸ்டுகள் ஆரம்பத்தில் ஹிட்லரை எதிர்க்கவில்லை என்கிறார்களே?

அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. 1939 ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குப் பிறகு கட்சியின் அதிகாரபூர்வ நிலைப்பாடு குழப்பமாகவும், பல இடங்களில் வெட்கப்படும்படியாகவும் இருந்தது. 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கிய பிறகுதான் கட்சி முழுமூச்சாக ஆயுதப் போராட்டத்துக்கு வந்தது.

ஆனால் கட்சியின் தீர்மானம் வேறு, கட்சியில் இருந்த வெளிநாட்டு யூதத் தொழிலாளியின் நிலை வேறு. ஹிட்லர் யார் என்று அவர்களுக்கு மாஸ்கோ சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விட்டுவந்த ஊர்களிலிருந்து வந்த செய்தியே போதும். ஓல்கா பிறந்த கிஷினாவில் 1941 கோடையில் யூதர்களைக் கெட்டோ என்ற அடைப்புக் குடியிருப்பில் அடைத்தார்கள். பல ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். எஞ்சியவர்களை அந்த இலையுதிர் காலத்தில் கிழக்கே விரட்டினார்கள். அதைச் செய்தவர்கள் ஜெர்மானியரும் அவரது சொந்த ருமேனிய ராணுவமும்.

அவர் செய்த வேலை என்ன? "உதவியாளர்" என்று சில இடங்களில் படித்தேன்.

அந்தச் சொல் எனக்கு ஆறவே ஆறாது. வேலையை விளக்கிவிடுகிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்தப் படையில் ஆயுதம் மிகக் குறைவு. 1943 நடுவில் பாரிஸில் சண்டைக்கு இறங்கக்கூடியவர்களே சுமார் 65 பேர்தான். கையில் இருந்த கைத்துப்பாக்கிகளும் கையெறிகுண்டுகளும் அவரவர் வீட்டில் இருக்காது. ஓர் இடத்தில் பத்திரமாக வைத்திருப்பார்கள். தாக்குதல் நாளன்று துப்பாக்கியை யாராவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மெத்ரோ நிலையங்களிலும் தெருமுனைகளிலும் போலீஸ் ஆண்களைத்தான் அதிகமாக நிறுத்திச் சோதித்தது. அதனால் ஆயுதம் சுமப்பது பெண்களின் பொறுப்பானது. காய்கறிப் பையோடு ஒரு பெண் நடந்து வருவார். அடியில் துப்பாக்கி இருக்கும். குறித்த தெருவில், குறித்த நிமிடத்தில், சுடப்போகிறவரிடம் அது கை மாறும். அவர் சுட்டுவிட்டு ஓடிவரும் வழியில் அந்தப் பெண் மறுபடி நிற்க வேண்டும். இன்னும் சூடாக இருக்கும் துப்பாக்கியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, விசில் சத்தத்துக்கும் முற்றுகைக்கும் நடுவே, அவசரப்படாமல் நடந்து வெளியேற வேண்டும்.

சுட்டவர் அந்த நேரத்தில் வெறுங்கையோடு போகிறார். பிடித்தாலும் அவரிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் முழுவதும் பெண்ணின் பையில். யார் அதிக ஆபத்தில் இருந்தார்?

ஓல்கா இதைச் செய்தார். வெடிகுண்டுகளைத் தயாரிப்பதிலும் பங்கெடுத்தார். அவர் ஏறக்குறைய நூறு தாக்குதல்களில் பங்கேற்றவர் என்று எழுதுவார்கள். அவர் ஆயுதம் கொண்டுபோன தடவைகளையும் சேர்த்த கணக்காகவே நான் அதைப் படிக்கிறேன். அத்தனை தடவை அந்தப் பையைத் தூக்கியிருக்கிறார்.

அந்தக் குழு செய்த பெரிய தாக்குதல் எது?

1943 செப்டம்பர் 28 காலை. பாரிஸின் 16ஆவது வட்டாரம், பெத்ரார்க் தெரு. நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி யூலியுஸ் ரிட்டர் காரில் ஏறும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். பிரெஞ்சு இளைஞர்களைக் கட்டாய வேலைக்காக ஜெர்மனிக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்குப் பிரான்ஸில் பொறுப்பானவர் அவர். சுட்டவர்களில் இருபது வயது மார்செல் ரேமான் இருந்தார், ஸ்பானியரான செலெஸ்தீனோ அல்ஃபோன்சோ இருந்தார். உளவு பார்த்து இலக்குகளைக் கண்டுபிடிக்கும் பிரிவை நடத்தியவர் கிறிஸ்தினா பொய்கோ என்ற இன்னொரு ருமேனியப் பெண். அவர் கடைசிவரை பிடிபடவில்லை.

இவர்களின் தாக்குதல்களுக்குப் பதிலாக அப்பாவிகள் கொல்லப்பட்டார்களே?

ஆம். 1941 அக்டோபரில் நாந்த் நகரில் ஒரு ஜெர்மன் தளபதி கொல்லப்பட்டதற்காக 48 பணயக் கைதிகளைச் சுட்டார்கள். அவர்களில் ஒருவனுக்கு 17 வயது. இதைப் பார்த்து, லண்டனிலிருந்து பிரெஞ்சு எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய தளபதி தெகோல், ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் இப்போதைக்கு ஜெர்மானியரைக் கொல்ல வேண்டாம் என்று வானொலியில் சொன்னார். எதிர்ப்பு இயக்கத்துக்குள்ளேயே இது பெரிய சண்டை.

என் கருத்து இது: பணயக் கைதியைச் சுட்ட பழி சுட்டவனுடையது. அதே சமயம், நாம் செய்வதால் இன்னொருவர் சாவார் என்று தெரிந்தும் செய்வது லேசான காரியம் இல்லை. பிடித்துக்கொண்டுபோய்க் கொல்லப்படும் வரிசையில் ஏற்கெனவே பெயர் எழுதப்பட்டிருந்தவர்கள் அந்த முடிவை எடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே நான் யோசிக்கிறேன்.

குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் எப்படி இதில் இறங்கினார்?

குழந்தையை ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் ஒப்படைத்தார். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். அதே குழந்தையின் தந்தையும் இயக்கத்தில்தான் இருந்தார். அவரைப் பற்றி யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

யூதக் குழந்தை தாயோடு இருந்தால் 1942இல் என்ன ஆகியிருக்கும்? ஜூலையில் பிடிபட்டவர்களில் பல தாய்மார்களைப் பிள்ளைகளிடமிருந்து அடித்துப் பிரித்தார்கள். பிறகு பிள்ளைகளையும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டுகளில் யூதப் பெற்றோர் பலர் பிள்ளைகளை வேறு வீடுகளில் விட்டதால்தான் அந்தப் பிள்ளைகள் உயிர்பிழைத்தார்கள். ஓல்காவின் மகளும் பிழைத்தாள்.

எப்படிப் பிடிபட்டார்? காட்டிக்கொடுத்தது யார்?

பிடித்தது பாரிஸ் போலீஸின் சிறப்புப் பிரிகேடு. இவர்களின் வேலை முறை பொறுமையானது. ஒருவரைச் சந்தேகித்தால் உடனே பிடிக்க மாட்டார்கள், மாதக்கணக்கில் பின்தொடர்வார்கள். அவர் யாரைச் சந்திக்கிறார், அந்த ஆள் எங்கே தங்குகிறார் என்று வலை விரியும். பெயர் தெரியாதவருக்கு, முதலில் பார்த்த தெருவின் அல்லது ஊரின் பெயரையே வைத்துக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். 1943இல் இப்படி மூன்று தடவை வலையை இழுத்தார்கள். கடைசி இழுப்பு நவம்பரில். ஓல்கா நவம்பர் 6 அன்று பிடிபட்டார். மனூஷியன் 16 அன்று, எவ்ரி அருகே.

துரோகி யார் என்ற தேடல் 1980களில் பிரான்ஸில் பெரிய பரபரப்பானது. ஆள்மாற்றி ஆள் பெயர் சொன்னார்கள். பின்னர் போலீஸ் ஆவணங்களைப் படித்த வரலாற்றாசிரியர்கள் காட்டியது, பெரும்பகுதி வேலையை அந்தப் பின்தொடர்தலே முடித்திருந்தது என்பதை. சித்திரவதையில் சிலர் பேசியதும் உண்மை. அதை வைத்து அவர்களைத் தூற்ற எனக்கு மனம் வராது.

சிவப்புச் சுவரொட்டி என்றால் என்ன? அதில் ஓல்கா ஏன் இல்லை?

1944 பிப்ரவரியில் பாரிஸில் ஜெர்மன் ராணுவ நீதிமன்றம் விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி மரணதண்டனை விதித்தது. பிப்ரவரி 21 அன்று 22 ஆண்களை மோன் வலேரியன் குன்றில் சுட்டுக்கொன்றார்கள். அவர்களில் பதினெட்டு வயதுப் பையனும் உண்டு.

கூடவே ஒரு சிவப்புச் சுவரொட்டி. சுமார் 15,000 பிரதிகள் அச்சடித்ததாகச் சொல்வார்கள். பத்து ஆண்களின் படங்கள். சவரம் செய்யாத, அடிபட்ட முகங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் "போலந்து யூதன்", "ஹங்கேரிய யூதன்", "சிவப்பு ஸ்பானியன்" (அதாவது இடதுசாரி), "ஆர்மீனியன், கும்பல் தலைவன்" என்று எழுதியிருந்தது. விடுதலை வீரர்கள் என்று நீங்கள் நினைப்பவர்கள் வெளிநாட்டுக் குற்றவாளிகள்தான் என்று பிரெஞ்சு மக்களை நம்பவைக்கும் முயற்சி.

அந்தப் பத்தில் ஓல்காவின் முகம் இல்லை. வாசிப்பவர் மனத்தில் பயங்கரவாதி என்ற படம் பதிய வேண்டும் என்றால் ஒரு பெண்ணின், ஒரு தாயின் முகம் அங்கே இடைஞ்சல். இது என் ஊகம். ஆனால் அதன் விளைவு ஊகமல்ல. பின்னாளில் அந்தச் சுவரொட்டியே குழுவின் நினைவுச்சின்னமாக மாறியபோது, அதில் இல்லாதவர் நினைவிலிருந்தும் நழுவிப்போனார்.

அவரை ஏன் மற்றவர்களோடு கொல்லவில்லை?

பிரான்ஸில் ஜெர்மன் ராணுவம் பெண்களைத் துப்பாக்கிப் படையின் முன் நிறுத்தவில்லை. மரணதண்டனை பெற்ற பெண்களை ஜெர்மனிக்கு அனுப்பியது. கருணை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஓல்காவை ஷ்டுட்கார்ட்டுக்குக் கொண்டுபோய், 1944 மே 10 அன்று கில்லட்டினில் தலையை வெட்டினார்கள். அன்று அவருக்கு 32ஆவது பிறந்தநாள். நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்க இன்னும் நான்கு வாரங்கள்கூட இல்லை.

போருக்குப் பிறகு ருமேனியா அவரை ஏற்றுக்கொண்டதா?

உயிரோடு இருந்தபோது சிறையில் போட்ட நாடு, கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் அவரைத் தியாகியாகக் கொண்டாடியது. புக்கரெஸ்டில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வந்தது. 1989க்குப் பிறகு அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த ஆட்சி செய்த கொடுமைகளுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? அது வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அவர் கணவர் ஜார் நாடு திரும்பி எழுத்தாளராக இருந்தார். 1956இல் கட்சித் தலைமையை விமர்சித்ததற்காகக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ஓல்கா இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

நம் பக்கத்துக்காரர் யாராவது அந்த இயக்கத்தில் இருந்தார்களா?

புதுச்சேரி நிர்வாகத்தின் கீழிருந்த மாஹேயிலிருந்து பாரிஸுக்குப் படிக்கப்போன முச்சிலோட் மாதவன். மலையாளி, கம்யூனிஸ்ட். 1942 செப்டம்பர் 21 அன்று மோன் வலேரியனில் சுடப்பட்ட 46 பேரில் ஒருவர். அப்போது வயது 28. அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

ஓல்கா மகளுக்கு எழுதியதாகச் சொல்லும் கடைசிக் கடிதம் உண்மையா?

உண்மைதான். மே 9 தேதியிட்டது. ஷ்டுட்கார்ட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் அதை ஜன்னல் வழியாக வெளியே போட்டார் என்பார்கள். போருக்குப் பிறகு என் மகளிடம் சேர்த்துவிடுங்கள் என்று முகம் தெரியாத யாரோ ஒருவரிடம் ஒரு வேண்டுகோளும் கூட இருந்தது. மகளுக்கு எழுதியது மிகச் சிறியது: நாளை காலை ஆறு மணிக்கு நான் இருக்க மாட்டேன், அழாதே, அம்மாவும் அழவில்லை, நீ இனிமேல் கஷ்டப்பட வேண்டியிருக்காது, அம்மாவை நினைத்துப் பெருமைப்படு.

எடுத்தவர் யாராயிருந்தாலும், அந்தத் தாளைக் கிழித்துப் போடவில்லை. மகளுக்கு அப்போது நான்கைந்து வயதுதான். அந்த எழுத்தைப் படிக்கக்கூடத் தெரிந்திருக்காது.